சங்கத்துக்குள் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எங்கே புகார் கொடுப்பது?

பதிவுபெற்ற சங்கத்தில் ஆறு ஊழியர்கள்தான். விழா வேலைக்கு வந்த பெண் தன்னார்வலரிடம் நிர்வாகி ஒருவர் அத்துமீறினால் சட்டம் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் பணியிடமாகவே கருதுகிறது. சம்பளமின்றி உழைப்பவரும் அதன்படி ஊழியரே. வேலை செய்பவர்கள் 10 பேருக்குக் குறைவு என்றால், இத்தகைய புகார்களை விசாரிக்க மாவட்டத்தில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். கெடு, சம்பவம் நடந்து 3 மாதம்; தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை நீட்டிப்பார்கள்.

"சங்கத்தின் பெயர் கெட்டுவிடும், பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று பெரியவர்கள் அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் பேசுவார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சமரசம் அவராகக் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு.

பொதுக்குழுவில் ஒருமையில் ஏசுவது, மிரட்டுவது போன்றவை, பாலியல் தொடர்பு இல்லாதவரை, இச்சட்டத்துக்குள் வரமாட்டா. அவற்றுக்குச் சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட துணைவிதிதான் வழி. புகாருக்கு உள்ளானவர் செயற்குழுவில் இருந்தால் விசாரணை முடியும்வரை ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற ஒரு வரியையாவது அடுத்த பொதுக்குழுவிலேயே சேர்த்துவிடுங்கள்.