கோலார் வேட்பாளரிடம் கிராமத்துக்காக என்ன கேட்கலாம்?

பெங்களூருவில் வேலை, ஓட்டு கோலார் கிராமத்தில்; சட்டமன்ற வேட்பாளரை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தண்ணீர். 2018 முதல் பெங்களூருவின் கழிவுநீரை இரண்டு கட்டமாகச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் விடுகிறார்கள். ஏரிகளில் தண்ணீர் வந்தது. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிற்கிறது. அதை ஆதரிக்கிறாரா, பணத்துக்கு என்ன வழி என்று கேளுங்கள். "எல்லோருக்கும் தண்ணீர்" என்பதெல்லாம் பதிலே இல்லை.

அப்புறம் நிலம். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம். இதில் அவர் நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள். மழுப்புகிறாரா? தேர்தல் ஆணையத் தளத்தில் அவருடைய பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். தொழிலும் சொத்தும் அதில் இருக்கும்; நில விஷயத்தில் அவருக்குச் சொந்த லாபம் உண்டா என்று யோசிக்க அது உதவும்.

தெருவிளக்கை விடுங்கள், அது பஞ்சாயத்து வேலை.