பின்னால் இருக்கும் ஓடுதளம்

அன்புள்ள ஐயா,

என் மகள் வெளியூரில் பைலட் பயிற்சியில் இருக்கிறாள். சின்ன விமானம் கிளம்பியதும் இன்ஜின் நின்று விழுந்தது என்று செய்தி வந்தால் அன்று எனக்குத் தூக்கமில்லை. அவ்வளவு நீள ஓடுதளம் பின்னால்தானே இருக்கிறது, ஏன் திரும்பி வந்து இறங்குவதில்லை? பதற்றத்தில் தோன்றாமல் போகிறதா?

ஒரு வாசகி, நங்கநல்லூர்

அன்புள்ள அம்மா,

தோன்றாமல் போவதில்லை. தோன்றுவதுதான் ஆபத்து. திரும்பிவிடலாம் என்று முயன்றுதான் பலர் விழுந்திருக்கிறார்கள்.

செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் கிளம்பி 500 அடியில் இருக்கிறது, இன்ஜின் நின்றுவிட்டது என்று வையுங்கள். நின்றுவிட்டது என்று மனம் நம்பவே மூன்று நான்கு விநாடி போய்விடும். அதற்குள் மூக்கை இறக்காவிட்டால் வேகம் சரியும். சரி, இறக்கிவிட்டார், 45 டிகிரி சாய்த்துத் திருப்புகிறார். அரைவட்டம் முடியும்போது ஓடுதளம் நேரே இருக்காது. 200 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். இன்னும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்க வேண்டும். தரை நெருங்குகிறது, மூக்கைத் தூக்கக் கை தானாக ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்தச் சாய்வில் உயரத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காது என்கிற வேகம், சுமார் 19 சதவீதம் கூடிவிடும். இறக்கை தூக்கும் சக்தியை இழந்து ஒரு பக்கம் கவிழும். அந்த உயரத்தில் மீள இடமில்லை.

நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். 40 டிகிரி வெயிலில் மீனம்பாக்கத்துக் காற்று, விமானத்தைப் பொறுத்தவரை சுமார் 3,000 அடி உயரத்துக் காற்று. கிட்டத்தட்ட பெங்களூரு உயரம். இன்ஜினுக்கும் இறக்கைக்கும் பலம் குறைந்து, ஏறுவதே மெதுவாகத்தான்.

அதனால் நேரே, அல்லது கொஞ்சம் இடம் வலம், கிடைத்த இடத்தில் இறங்கு என்றுதான் கற்றுத்தருகிறார்கள். உங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நேரே எல்லாம் வீடுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அது கொடுமையான தேர்வு. ஆனாலும் இறக்கை சமமாக, குறைந்த வேகத்தில் ஒரு மைதானத்திலோ ஆற்றோரத்திலோ மோதியவர்கள் பிழைத்திருக்கிறார்கள். கவிழ்ந்து விழுந்தவர்கள் பிழைப்பது அபூர்வம்.

இதையெல்லாம் வானத்தில் யோசிக்க நேரமில்லை. ஓடுதளத்தில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்: ஓடும்போது இன்ஜின் சத்தம் மாறினால் நிறுத்துவேன், இத்தனை அடிக்குக் கீழே நின்றால் திரும்பமாட்டேன். அந்த எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. இன்ஸ்ட்ரக்டரோடு நல்ல உயரத்துக்குப் போய், பவரை முழுக்கக் குறைத்து, நான்கு விநாடி சும்மா இருந்து, அப்புறம் திருப்பிப் பார்த்தால் எத்தனை அடி போகிறது என்று தெரியும். அதற்கு மேல் தாராளமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கேளுங்கள்: "உன் எண் என்னம்மா?" உடனே சொல்லிவிட்டால் நல்லது. யோசித்தால், அடுத்த வகுப்பில் இன்ஸ்ட்ரக்டரிடம் இதைச் செய்து பார்க்கக் கேட்கச் சொல்லுங்கள்.