அடிபட்டு வளர்ந்தவர் அடிப்பவராக ஆவாரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இல்லப் பணிப்பெண் ஒருவர் பட்டினி போடப்பட்டு, அடித்து வதைக்கப்பட்டு இறந்த வழக்கைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். முதலாளியின் மனநோயை மட்டும் வைத்து அந்த வீட்டில் நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது என்று அதில் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து என் குடும்ப விஷயம் ஒன்று மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

என் தங்கையை அவள் கணவர் அடிக்கிறார். அவளுடைய வங்கி அட்டை அவரிடம்தான் இருக்கிறது. கைப்பேசியையும் தினமும் வாங்கிப் பார்க்கிறார். விஷயம் வெளியே தெரிந்த பிறகு இரு வீட்டுப் பெரியவர்களும் சொல்வது ஒன்றுதான்: "அவர் சின்ன வயதில் அப்பாவிடம் பெல்ட்டடி வாங்கி வளர்ந்தவர், வேலையிலும் நெருக்கடி, கொஞ்சம் குடியும் உண்டு, நாம்தான் பொறுத்துப் போக வேண்டும்." தங்கையின் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், அது அவர்கள் பரம்பரை ரத்தம் என்கிறார். வன்முறை தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்று நானும் பட்டயப் படிப்பில் படித்திருக்கிறேன். அது உண்மையானால் அவரைக் குற்றம் சொல்வதில் என்ன நியாயம்? உண்மையில்லை என்றால் வல்லுநர்கள் ஏன் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்? என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறொன்று. தங்கைக்கு இரண்டு பையன்கள், மூத்தவனுக்கு ஒன்பது வயது. அவர்களும் நாளை இப்படித்தான் ஆவார்களா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பையன்கள் தந்தையைப் போல ஆகாமல் இருப்பதற்கான வாய்ப்பே அதிகம். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை.

வன்முறைக் குற்றங்களுக்காகச் சிறையில் இருப்பவர்களிடம் அவர்களுடைய இளமையைப் பற்றிக் கேட்டால், அடியும் புறக்கணிப்பும் நிறைந்த கதைகள் ஏராளமாகக் கிடைக்கும். மனநல மருத்துவர்களும் சமூக ஊழியர்களும் அன்றாடம் சந்திப்பது இத்தகையவர்களைத்தான் என்பதால், அடிபட்டவர் அடிப்பார் என்ற எண்ணம் அவர்களிடையே வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் அதே அளவு அடிபட்டு வளர்ந்து, பின்னர் யார்மேலும் கை ஓங்காமல், வேலைக்குப் போய் வந்து பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் மனிதர் எந்த ஆய்வாளரின் அறைக்கும் வருவதில்லை. அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கி முன்னோக்கிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

அப்படிப் பார்த்தவர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற அமெரிக்க உளவியலாளர். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு நகரின் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து, 1967-க்கும் 1971-க்கும் இடையே வதைக்கப்பட்டதாகவோ கவனிப்பாரற்று விடப்பட்டதாகவோ உறுதிசெய்யப்பட்ட 908 குழந்தைகளை அவர் எடுத்துக்கொண்டார். வயதிலும் பாலிலும் இனத்திலும் குடும்ப வசதியிலும் அவர்களை ஒத்த, ஆனால் அத்தகைய பதிவு எதுவும் இல்லாத 667 குழந்தைகளை ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டு, பின்னாளில் எத்தனை பேர் கைதானார்கள் என்று பார்த்தார். 1989-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான முடிவின்படி, வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர், இரண்டாவது குழுவில் 8 பேர். பின்னர் கூடுதல் ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரண்டு எண்களும் ஏறியிருந்தன; இடைவெளி பெரிதாக மாறவில்லை. கைது என்பது வீட்டுக்குள் நடப்பதை முழுமையாகக் காட்டாத அளவுகோல் என்பதை நான் மறுக்கவில்லை. மனைவியை அடிப்பவர்களில் பலர் கைதாவதே இல்லை. அப்படியிருந்தும் இந்த எண்கள் உங்கள் முதலிரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர விடை சொல்கின்றன. பாதிப்பு உண்மையானது, அதனால்தான் வல்லுநர்கள் அதைப் பேசுகிறார்கள். ஆனால் வதைபட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையினர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது; பெரியவர்களின் விளக்கத்தை அது வேறொரு பக்கத்திலிருந்து அசைக்கிறது. உடலில் அடிபட்டவர்களில் வன்முறைக்காகக் கைதானவர்கள் நூற்றுக்கு 15.8 என்றால், அடியே வாங்காமல், சோறும் கவனிப்பும் இன்றி விடப்பட்ட பிள்ளைகளில் அந்த எண்ணிக்கை 12.5 ஆக இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 7.9. பிள்ளை தந்தையின் கையைப் பார்த்து அடிக்கக் கற்றுக்கொள்கிறது என்ற விளக்கம் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால், யாரும் அடிக்காத பிள்ளைகளிடம் இந்த உயர்வைக் கண்டிருக்க முடியாது. பெல்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், அந்தச் சிறுவன் அழுதபோது பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்க மறந்துவிடுகிறோம். நம் தலைமுறையில் பிரம்படி வாங்காத தமிழ்ப் பிள்ளையைச் சிங்கப்பூரில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பிரம்படியை நான் நியாயப்படுத்தவில்லை. அதுவே காரணம் என்றால் குற்றவாளிகளின் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்க வேண்டும்.

பரம்பரை ரத்தம் என்ற பேச்சுக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை இன்றுவரை தொடரும் ஆய்வில், எம்ஏஓஏ என்ற மரபணுவின் ஒரு வகையைப் பற்றி 2002-இல் ஒரு கட்டுரை வெளியானது; அந்த வகையைச் செய்தித்தாள்கள் பின்னர் 'போர்வீரன் மரபணு' என்று அழைத்தன. அந்தக் கட்டுரை கண்டது என்னவென்றால், அந்த மரபணு தனியாக நின்று எதையும் செய்யவில்லை என்பதுதான். அது இருந்து, சிறு வயதில் வதையும் பட்ட ஆண்களிடம்தான் வேறுபாடு தெரிந்தது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி அமையவும் இல்லை.

இனி உங்கள் தங்கையின் கணவருக்கு வருகிறேன். இவரைப் போன்றவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர் ஏன் அடிக்கிறார் என்பதற்கு முன்னால் யாரை அடிக்கிறார், எங்கே அடிக்கிறார் என்று கேட்பது நல்லது. வேலையிடத்து நெருக்கடிதான் காரணம் என்றால், அந்த நெருக்கடியைத் தருகிற மேலாளரை அவர் ஒருநாளாவது அறைந்திருக்க வேண்டும். குடிதான் காரணம் என்றால், காப்பிக்கடை மேசையில் எதிரே உட்கார்ந்து குடிப்பவருக்கும் அடி விழுந்திருக்க வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டாரிடம் நலம் விசாரித்துவிட்டு, மின்தூக்கியில் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் கை நீள்கிறது என்றால், அந்த மனிதர் கட்டுப்பாட்டை இழந்தவர் அல்லர். போதையில் மனிதர் நடந்துகொள்ளும் விதம் சமூகத்துக்குச் சமூகம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை 1969-இலேயே இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்து சான்றுகளைத் திரட்டிக் காட்டினார்கள். குடித்தவன் எந்த எல்லைவரை போகலாம் என்று அவனுடைய சமூகம் அனுமதிக்கிறதோ, பெரும்பாலும் அந்த எல்லைவரைதான் அவன் போகிறான். மது வன்முறையைக் கடுமையாக்குகிறது என்பது உண்மை. பொது இடத்தில் இரவு பத்தரைக்குமேல் மது அருந்தக் கூடாது என்று 2015-இல் இங்கே வந்த சட்டத்துக்குப் பின்னால் அந்த எண்ணமும் இருந்தது. ஆனால் குடி யாரை அடிப்பது என்று தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும் கைப்பேசியைச் சோதிப்பதும் கோபத்தில் நடக்கிற செயல்களே அல்ல. நிதானமாக, நாள்தோறும் நடப்பவை. தலையில் அடிபட்டதாலோ நோயாலோ உண்மையிலேயே ஆத்திரத்தை அடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கை பொதுவாக ஆள் பார்த்து நீள்வதில்லை.

நீங்கள் குறிப்பிட்ட வழக்கில் இதே கேள்வியைத்தான் நான் கேட்டேன். மியன்மாரிலிருந்து வந்த அந்த 24 வயதுப் பெண் 2016 ஜூலையில் இறந்தபோது 24 கிலோ எடையில் இருந்தார். முதலாளி அம்மாவுக்குப் பிரசவத்தை ஒட்டிய கடும் மனச்சோர்வும் ஆளுமைக் கோளாறும் இருந்ததென்ற மருத்துவ மதிப்பீடு ஏற்கப்பட்டு, கொலைக் குற்றச்சாட்டு மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்டது. எனினும் 2021-இல் அவருக்கு விதிக்கப்பட்டது 30 ஆண்டுச் சிறை. நோய் அவருக்கு இருந்தது, சரி. அதே வீட்டில் இருந்து வதையில் பங்கேற்றதற்காக அவருடைய தாயாருக்கு 2023-இல் 14 ஆண்டும், காவல்துறையில் பணியாற்றிய கணவருக்கு 2024-இல் 10 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டதே, அவர்களை எந்த நோய் பிடித்தது? அந்தக் குடும்பத்தின் மூன்று பெரியவர்களில் ஒருவர்கூடப் போதும் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணை ஒருமுறை கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது மருத்துவர் முகத்துக் காயங்களைக் கவனித்துக் கேட்டார். அடிக்கடி கீழே விழுகிறாள் என்று முதலாளி சொன்ன பதிலோடு அது முடிந்துபோனது. மருத்துவப் பரிசோதனைகளில் பணிப்பெண்களின் எடையையும் சந்தேகத்துக்குரிய காயங்களையும் பார்க்க வேண்டும் என்ற விதியை மனிதவள அமைச்சு கொண்டுவந்தது 2021-இல். ஒருவருடைய மனத்துக்குள் என்ன இருந்தாலும், அது கையில் இறங்குவதற்குச் சுற்றியிருப்பவர்கள் வழிவிட வேண்டியிருக்கிறது.

ராபர்ட் சாம்சன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவும் இதற்கு நெருங்கியதே. வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, தேவைப்படும்போது தலையிடத் தயாராக இருந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் தெருவில் நடப்பதை; வீட்டுக்குள் நடப்பதற்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும், பக்கத்து வீட்டில் தட்டு உடையும் சத்தம்கூடக் கேட்கிற நம் வீவக அடுக்குமாடி வீடுகளில், கேட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அற்பமான கேள்வி இல்லை. பொறுத்துப் போ என்று உங்கள் பெரியவர்கள் சொல்லும்போது அவர்களும் வழிவிடுபவர்களின் வரிசையில் போய் நிற்கிறார்கள். வயதில் மூத்தவர்களைப் பற்றி இப்படி எழுதுவது எனக்கு உவப்பானதல்ல. வேறு விதமாகச் சொல்லவும் தெரியவில்லை.

அவரைக் குற்றம் சொல்வது நியாயமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. அவருடைய இளமைக்காக அவர்மேல் இரக்கப்படுங்கள். அந்த இரக்கத்துக்கான விலையை உங்கள் தங்கை கொடுக்க வேண்டியதில்லை.

பையன்களுக்குத் திரும்புகிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பைரன் எக்லண்டும் உடன் ஆய்வாளர்களும், சிறு வயதில் வதைபட்ட தாய்மார்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, தம் பிள்ளைகளை வதைக்காதவர்களிடம் அப்படி என்ன இருந்தது என்று 1988-இல் எழுதினார்கள். சிறு வயதில் தம்மிடம் அன்பாக இருந்த, அடிக்காத ஒரு பெரியவர். ஏதோ ஒரு கட்டத்தில் தொடர்ந்து கிடைத்த மனநல ஆலோசனை. பின்னாளில் ஆதரவான ஒரு துணை. இவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. முதலில் சொன்ன அந்தப் பெரியவராக நீங்கள் இருக்கலாம், பெரியம்மா என்ற முறையில் யாரும் தடுக்கவும் முடியாது. வார இறுதிகளில் அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அப்பா அடிப்பது தவறு என்பதையும், அது தன்னுடைய தவறால் நடப்பதல்ல என்பதையும் மூத்தவன் ஒரு பெரியவரின் வாயால் கேட்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைகள் பழியைத் தம்மேல் போட்டுக்கொள்வது வழக்கம்.

மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்ச் சட்டத்தின் கீழ் உங்கள் தங்கை தனக்கும் பிள்ளைகளுக்கும் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்டு விண்ணப்பிக்கலாம். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், உடலில் படும் அடியோடு மனரீதியான வதையையும் குடும்ப வன்முறை என்று தெளிவாகச் சொல்கிறது. ஆணையோடு சேர்த்துக் கணவரை ஆலோசனைக்குப் போகச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவருடைய தந்தையையும் பெல்ட்டையும் பற்றி அங்கே அவர் பேசட்டும். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: மனைவி விலகப் போகிறாள் என்று தெரியவரும் காலத்தில்தான் ஆபத்து கூடுகிறது. எனவே எதையும் செய்வதற்கு முன் குடும்பச் சேவை நிலையத்திலோ, 24 மணி நேரமும் இயங்கும் வன்முறைத் தடுப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000 வழியாகவோ ஒரு சமூக ஊழியரிடம் பேசி, எப்போது, எங்கே, யார் துணையோடு என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பதிலைப் பெரியவர்களிடம் காட்ட விரும்பினால் காட்டலாம். தங்கைக்கு மட்டும் இதைக் கைப்பேசியில் அனுப்ப வேண்டாம், நேரில் சொல்லுங்கள்.

அன்புடன்.