கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள்

கேள்வி: என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தொழில் நொடித்துப் போய், பல பேரிடம் வட்டிக்கு வாங்கி, எட்டு மாதத்துக்கு முன்பு வேலை தேடித் திருப்பூருக்குப் போனவர் திரும்பவில்லை. எப்போதாவது போன் வரும், பணம் வராது. நானும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் வில்லாபுரத்தில் ஒத்தி வீட்டில் இருக்கிறோம். என் 13 பவுன் நகையை விற்றுத்தான் ஒத்திக்கு 5 லட்சம் கொடுத்தோம். பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. தை மாதத்தோடு கெடு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர், "நீ காலி செய், பணத்தை உன் வீட்டுக்காரர் வந்தால் கொடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். என் பெயரில் எடுத்த குழுக் கடனுக்கு மூன்று தவணை பாக்கி. கடன்காரர்கள் வந்தால் மகளை அனுப்பி, அம்மா இல்லை என்று சொல்லச் சொல்கிறேன். அவள் கெட்டிக்காரி. யார் வந்தார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்று கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிக்கூட வைத்திருக்கிறாள். ரிஜிஸ்டர் தபால் வந்தால்கூட ஆள் இல்லை என்று திருப்பிவிடுகிறாள். விவாகரத்து வாங்கிவிட்டால் இந்தக் கடன்கள் என்னை விட்டுப் போகுமா? மாமியார் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அந்தக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விவாகரத்து, மாமியார், திருப்பூர் எல்லாம் அப்புறம்.

"அவள் கெட்டிக்காரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. அப்பா திருப்பூரில் ஒளிந்திருக்கிறார். அம்மா அடுக்களையில் ஒளிந்துகொள்கிறார். வாசலில் நின்று பதில் சொல்வது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. வட்டிக்காரன் எப்படிப் பேசுவான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே நீங்கள் போகவில்லை? உங்கள் காது தாங்காத பேச்சை அவள் காது மட்டும் தாங்கிவிடுமா? பெற்றவர்கள் பட்ட கடனுக்குப் பிள்ளையைப் படியில் நிறுத்துவது எந்தக் குடும்பத்திலும் தப்பு. கஷ்டம் என்று காரணம் சொன்னாலும் தப்புதான். இன்று சாயங்காலத்திலிருந்து கதவை நீங்கள் திறங்கள், தாயி.

நீங்களே திறப்பதில் உங்களுக்கு லாபமும் இருக்கிறது. திருப்பி அனுப்பிய அந்த ரிஜிஸ்டர் தபால் யாரிடமிருந்து வந்தது? உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரரின் வக்கீல் நோட்டீஸாக இருக்கலாம், குழுக் கடன் கொடுத்த கம்பெனியாக இருக்கலாம், செக் வைத்திருக்கும் ஆளாகவும் இருக்கலாம். சரியான விலாசத்துக்கு வந்த ரிஜிஸ்டர் தபாலை வாங்காமல் திருப்பிவிட்டால், பொதுவாகக் கோர்ட் அதை உங்களிடம் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளும். பட்டறை நடந்த காலத்தில் "இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று உங்கள் செக் புத்தகத்தைக் கணவர் நீட்டியதுண்டா? யோசித்துப் பாருங்கள். செக் திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் கிரிமினல் கோர்ட்டுக்குப் போகலாம். நாள் ஓடுவது உங்களுக்கே தெரியாமல் ஓடும். தபால் வந்த தேதியை மகள் குறித்திருக்கிறாளா என்று முதலில் நோட்டில் தேடுங்கள். அடுத்த தபாலைக் கையெழுத்துப் போட்டு நீங்களே வாங்குங்கள். வாங்குவதால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இனி அவள் எழுதி வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே கேள்விதான்: இந்தக் கடனில் என் கையெழுத்து இருக்கிறதா? கணவர் தனியாக வாங்கிய கடன் தாலி கட்டியதால் மனைவியின் கடனாகிவிடாது. நீங்கள் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால், அதை விவாகரத்துத் தீர்ப்பு அழிக்காது. ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கும் ஒரே பொறுப்பு என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலிருந்து இருக்கிற விதி. ஆக, விவாகரத்துக்கும் கடனுக்கும் சம்பந்தமே இல்லை. அதோடு, விட்டுவிட்டுப் போனார் என்ற காரணத்தைச் சொல்லி இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக் கேட்க 2 வருடம் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு ஆகியிருப்பது எட்டு மாதம்.

கையெழுத்து இல்லாத கடன்காரர் வாசலுக்கு வந்தால், "பத்திரத்தைக் காட்டுங்கள், இதில் நான் இல்லை, கேட்க வேண்டியவரைக் கேளுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். மிரட்டினால் போலீசில் எழுதிக் கொடுங்கள். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றுக்கும் 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்துவிட்டது. 3 வருடம் வரை ஜெயிலும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. எந்தத் தேதியில் யார் வந்து எவ்வளவு கேட்டார்கள் என்ற விவரம் இல்லாமல்தான் இப்படிப்பட்ட புகார்கள் பாதியில் நிற்கும். உங்கள் வீட்டில் அந்த விவரம் இருக்கிறது. அதை ஒரு சின்னப் பெண் எழுத வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

குழுக் கடன் மட்டும் வேறு. அது உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. பணம் பட்டறைக்குப் போனது என்பதெல்லாம் செல்லாது. நீங்கள் கட்டாத தவணைக்காகப் பக்கத்துத் தெருப் பெண்கள் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கணவர் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் அவர்களுக்குச் செய்கிறீர்கள். கூட்டத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள், தவணையைக் குறைத்தோ தள்ளியோ தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வசூல் ஆள் போன் செய்யக் கூடாது, தகாத பேச்சுப் பேசக் கூடாது என்பது இந்தக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதி. அதை மீறினால் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். ஆனால் கடனைக் கட்டத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வருவோம். மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகை, கெடு முடிந்ததும் முழுப் பணமும் திரும்பும் என்று நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் குடியிருக்கிறோம். சென்னைப் பக்கம் இதையே லீஸ், போக்கியம் என்பார்கள். ஆனால் 100 ரூபாயோ அதற்கு மேலோ போகும் ஒத்திக்கு, இரண்டு சாட்சியோடு பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்த பத்திரம் வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. பதிந்தால் வில்லங்கத்தில் ஏறிவிடும் என்று வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், செலவு என்று நாமும் விட்டுவிடுவோம். அப்புறம் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பதியாத பத்திரத்தை வைத்து வீட்டின் மேல் உரிமை கேட்க முடியாது. பணம் கைமாறியதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். பணத்தைக் கேட்டு வழக்குப் போட, கெடு முடிந்ததிலிருந்து பொதுவாக 3 வருடம்.

அதனால் உங்கள் கையில் இருக்கிற ஒரே பிடி, அந்த வீட்டுச் சாவி. 5 லட்சம் வராமல் அதைக் கொடுக்காதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே வைக்க வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. வீட்டின் மேல் வேறு வில்லங்கம் இருக்கிறதா என்று இந்த வாரமே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பேங்கில் ஏற்கெனவே அடமானம் இருந்தால், பேங்குக்குப் பின்னால்தான் உங்கள் முறை வரும். அப்படியிருந்தால் இன்னும் சீக்கிரம் நகர வேண்டும்.

"உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. பத்திரம் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. நாளைக்குத் திருப்பூரிலிருந்து ஒரு நாள் வந்து 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு அவர் பஸ் ஏறினால், 13 பவுனும் அதே பஸ்ஸில் போய்விடும். எனவே வக்கீல் மூலம் வீட்டுக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்: இது என் நகையை விற்ற பணம், நான் இல்லாமல் கொடுக்கக் கூடாது. நகை விற்ற ரசீது எங்கே? தெற்காவணி மூல வீதியில் எந்தக் கடையில் விற்றிருந்தாலும் போய்க் கேளுங்கள். பணம் பேங்க் வழியாக வந்திருந்தால் பாஸ்புக் பதிவு போதும்.

அடுத்து, மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரு மனு. அவர் என்னை அடித்ததில்லையே என்பீர்கள். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் செலவுக்குப் பணம் தராமல் விடுவதும், மனைவியின் சீதனத்தில் கைவைப்பதும் பொருளாதார வன்முறைதான். ஒத்திப் பணத்தை அவர் தனியாக வாங்கக் கூடாது என்ற தடை, மாதச் செலவு, குடியிருக்க இடம் அல்லது வாடகை என்று ஒரே மனுவில் எல்லாம் கேட்கலாம். அவர் திருப்பூரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே மனுப் போடலாம். வக்கீல் பீஸுக்கு எங்கே போவேன் என்று கேட்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போனில் என்றால் 15100.

மாமியார் பொறுமையாக இருக்கச் சொன்னதற்கு என் பதில்: முதலில் அவர் தன் மகனைப் போனில் கூப்பிட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குப் பணம் அனுப்பச் சொல்லட்டும். மகன் கடமையைக் கேட்காத தாய்க்கு மருமகளின் பொறுமையைப் பற்றிப் பேச வாய் இருக்கக் கூடாது. கணவர் திரும்பி வந்தால் சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். அதில் நான் தலையிட மாட்டேன். மேலே சொன்ன மனுவைப் போட்டுவிட்டும் சேர்ந்து வாழலாம். வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பு ஒரு வேலை. மகள் எழுதியதை நீங்களே உட்கார்ந்து, உங்கள் கையெழுத்தில், தேதி வாரியாக வேறொரு நோட்டில் எழுதுங்கள். புரியாத இடத்தில் அவளிடம் கேளுங்கள், சொல்வாள். வக்கீல் அசலைக் கேட்கலாம், ஆகவே பழைய நோட்டைப் பத்திரமாகப் பீரோவில் வையுங்கள். கணக்குப் போட அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.