பத்து வயதுப் பிள்ளைக்குச் சாகச நாவல்களைப் படங்களோடு சுருக்கிய பதிப்பில் கொடுக்கலாமா, முழு நூலைப் படிக்கும் வயது வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம், இப்போதே கொடுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டால் பிறகு மூல நூல் ருசிக்காது என்று பயப்படுகிறீர்கள். எனக்கு நடந்தது வேறு.

நான் குமரி மாவட்டத்துக் குளச்சல்காரன். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் எனக்கு அட்டை கிழிந்த ஒரு 'புதையல் தீவு' கிடைத்தது. தமிழில் சுருக்கியது, பக்கத்துக்குப் பக்கம் கோட்டுப் படம். ராத்திரி அதை நான் சத்தமாக வாசிப்பேன், அப்பா வலை பொத்திக்கொண்டே கேட்பார். ஒருநாள் கப்பல் படத்தின் மேல் விரலை வைத்தார். "லேய் மக்கா, பாய் முன்னால உப்பி நிக்கி. அப்போ காத்து பின்னால இருந்துதானே அடிக்கி? கொடி மட்டும் எப்படிலே பின்னால பறக்கும்? இதை வரைஞ்சவன் கடலுக்குப் போகாதவன்." மறுநாள் காலையில் கரையில் நின்று ஒவ்வொரு வள்ளத்தின் கொடியையும் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் நான் சும்மா புரட்டியதில்லை. அதே கதையின் முழு நூலைக் கல்லூரியில் படித்தபோது பழைய ஊருக்குத் திரும்பியது போலத்தான் இருந்தது.

படம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குகிறோம். ஆனால் இந்த நாவல்களில் பல, படத்தோடேயே வளர்ந்தவை. ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் கதைக்கு 1871-ல் வந்த பதிப்பில் 111 படங்கள் இருந்தன. 'புதையல் தீவு' பிறந்ததே ஒரு படத்திலிருந்து. 1881-ல் ஸ்காட்லாந்தில் ஓயாத மழை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த தன் மனைவியின் மகனோடு சேர்ந்து, அதை எழுதிய ஸ்டீவன்சன் ஒரு தீவின் வரைபடம் வரைந்தார். அதைப் பார்க்கப் பார்க்கக் கதை வந்தது.

1911 பதிப்புக்கு என்.சி.வையத் வரைந்த படங்களை அவசியம் காட்டுங்கள். கதையைச் சொல்லும் பையன் ஜிம் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியில் ஸ்டீவன்சன், பையன் அம்மாவிடம் விடைபெற்றான் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். வையத்தின் படத்திலோ ஜிம் மூட்டையோடு முன்னால் வருகிறான், பின்னால் அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். ஆழ்கடல் தொழிலுக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டாம். என் மகள் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அவன் திரும்பிப் பார்க்கவே இல்லைப்பா" என்றாள்.

சரி, எந்தச் சுருக்கத்தை வாங்குவது? நான் கடையிலேயே ஒன்றைப் பார்ப்பேன்: ஆப்பிள் பீப்பாய்க் காட்சி. ஜிம் பீப்பாய்க்குள் இருக்க, வெளியே கடற்கொள்ளையன் சில்வர் சதி பேசும் இடம். அது முழுதாக, பேச்சோடு இருந்தால் வாங்கலாம். 'ஜிம் சதியை அறிந்துகொண்டான்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். கதையைச் சுருக்கலாம், பயத்தைச் சுருக்கக் கூடாது. தாளும் மொழியும் சுமாராக இருந்தால்கூடப் பரவாயில்லை என்பேன்.

ராபின்சன் குரூசோவை மட்டும் கூட உட்கார்ந்து வாசியுங்கள். அவன் கப்பல் உடைவது அடிமைகளைப் பிடித்துவரப் போன பயணத்தில். பல சுருக்கங்கள் அதைச் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள். அதே கதையில் அவன் 20 நாள் பாடுபட்டு ஒரு பெரிய மரத்தை வெட்டி, குடைந்து படகாக்கி, அப்புறம் அதைத் தண்ணீருக்கு நகர்த்த முடியாமல் விட்டுவிடுவான். என் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மரத்துல கை வைக்கதுக்கு முன்னால கடல் எம்புடு தூரம்னு பார்க்க வேண்டாமா?" என்று இன்றும் கேட்பார்.

எங்கள் குமரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, கடல் தாண்டி வந்தவர்களின் நிஜக் கதையே பக்கத்தில் இருக்கிறது. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அவர்கள் பக்கமிருந்த டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படையையே நடத்தினார். அவர் கல்லறை தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கும். புத்தகத்தை முடித்த வாரமே கூட்டிப்போங்கள்.

ஸ்டீவன்சனின் முதல் வரைபடம் பதிப்பகத்துக்கு அனுப்பியதில் தொலைந்துபோனது. புத்தகத்தை வரிவரியாகப் பார்த்து மறுபடி வரைய வேண்டியதாயிற்று. லைட்ஹவுஸ் கட்டும் பொறியாளரான அவருடைய அப்பாதான் அதில், கதையில் புதையலைப் புதைத்த கேப்டன் ஃபிளிண்டின் கையெழுத்தைப் போட்டுக்கொடுத்தார். இதைச் சொன்னதும் என் மகள் சார்ட் பேப்பரில் குளச்சலை வரைய ஆரம்பித்துவிட்டாள். முட்டம் லைட்ஹவுஸ், துறைமுகம், புதையலுக்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பாட்டாவிடம், அதாவது என் அப்பாவிடம், கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பாறையை விட்டுட்டியே மக்களே, வள்ளம் உடைஞ்சு போவும்." பென்சிலை வாங்கி, கரைக்கு வெளியே ஒவ்வொன்றாக அவரே குறித்தார்.