ஆய்வுக் கட்டுரையை எங்கே தொடங்குவது? எம்.இ., பிஎச்.டி. மாணவர்களுக்குப் பதில்கள்

கான்கிரீட் ஆய்வகத்தில் பல வருடங்களாக இருப்பவள் நான். அதனால் உதாரணங்களும் அங்கிருந்துதான் வரும்.

கேள்வி: மேடம், சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதில் ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரித்த சாம்பல்) சேர்த்துச் சோதனை எல்லாம் முடித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முன்னுரையே நகரமாட்டேன் என்கிறது.

பதில்: முன்னுரையை இப்போது தொடவே வேண்டாம் அம்மா. வரைபடங்களையும் அட்டவணைகளையும் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது எதைக் காட்டுகிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். கட்டுரையின் எலும்புக்கூடு அதுதான். வாக்கியம் வராத படத்தை எடுத்துவிடலாம். அடுத்து செய்முறை, முடிவுகள், விவாதம். அதன்பின் முன்னுரை. சுருக்கம் கடைசியில்.

கேள்வி: செய்முறையில் எவ்வளவு விவரம் கொடுப்பது? கைடு "இன்னும் எழுது" என்கிறார்.

பதில்: உங்கள் கைடு சொல்வது சரி. உங்களை அறியாத ஒருவர் வேறு ஊரில் அதே கலவையைப் போட முடிய வேண்டும். ஃப்ளை ஆஷ் எந்த அனல்மின் நிலையத்தது, எடையில் எத்தனை சதவீதம், தண்ணீர் விகிதம் என்ன, எத்தனை நாள் க்யூரிங் (ஈரமாக வைத்து இறுக விடுவது) என எல்லாம் வேண்டும். பலர் 28 நாள் வலிமையை ஒற்றை எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456:2000 படி ஒரு சாம்பிளுக்கு மூன்று க்யூப், அதாவது உடைத்து வலிமை பார்க்கும் கான்கிரீட் கட்டிகள். எந்த க்யூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அந்த மூன்று எண்களையும் காட்டுங்கள். ஒரே கலவையின் க்யூப்களுக்குள்ளேயே 3 மெகாபாஸ்கல் (வலிமையின் அலகு) சிதறல் இருக்கும்போது, இரண்டு கலவைகளுக்கு இடையே 1 மெகாபாஸ்கல் கூடியதை வைத்து "வலிமை உயர்ந்தது" என்று எழுதாதீர்கள். இதைத்தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குறிப்புகளை க்யூப் உடைத்த அன்றே எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் விவரம் தவறும்.

கேள்வி: ஆய்வேட்டின் சிமிலாரிட்டி (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) 18 சதவீதம் வந்திருக்கிறது. வார்த்தைகளை மாற்றிப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டிவரும்; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மூலக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் சொற்களில் எழுதி, யாருடையது என்று மேற்கோள் காட்டுங்கள்.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் எழுதப் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் லேப் நண்பரிடம் தமிழில் சொல்லுங்கள் தம்பி. அவர் எங்கே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறாரோ, அங்கே விளக்கம் போதவில்லை. அதைச் சரிசெய்தபின் சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணத்தைத் திருத்தித் தர ஆள் கிடைப்பார்கள். க்யூபை உடைத்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.