அந்த ஞாயிற்றுக்கிழமையை விற்றுவிடாதீர்கள், தம்பி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது, மனைவியும் ஒன்றரை வயது மகளும் அடுத்த மாதம் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கடைகூடத் திறக்காத ஊரில் சும்மா இருக்கும் நேரத்தில் இன்னொரு வேலை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. நான் இங்கே வந்து 14 வருடம் ஆகிறது. நீங்கள் நினைப்பதைச் செய்து பார்த்தவன் நான்.

முதலில் பணக் கணக்கு. இரண்டாவது வேலையில் முறையாகச் சம்பளம் வாங்கினால் அதை அதிக வரி பிடிக்கும் ஆறாம் வரிப்பிரிவில் போடுவார்கள். மாதாமாதம் கைக்கு வருவது நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஞாயிறு ஓய்வு இங்கே வெறும் பழக்கம் கிடையாது. 1919-ல் வந்த ஜெர்மனியின் பழைய வைமர் அரசியலமைப்பிலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு. 1949-ல் இன்றைய அரசியலமைப்பும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பதும் சட்டம். வேலை முடிந்த பொழுதுக்கே 'ஃபையராபென்ட்' என்று தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் அப்போது சோம்பேறித்தனமாகப் பட்டது. மூத்தவள் பிறந்தபோது அப்பாவும் இரண்டு மாதம் விடுப்பு எடுத்தால் 12 மாதத்துக்குப் பதில் 14 மாதம் 'எல்டர்ன்கெல்ட்', அதாவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு அரசு தரும் உதவித்தொகை கிடைக்கும் என்று மனைவி எடுத்துச் சொன்னாள். அதற்கு மாத உச்சவரம்பு 1,800 யூரோ, சம்பளத்தில் துண்டு விழும் என்று நான் எடுக்கவில்லை. இரவு பத்து வரை லேப்டாப், சனி ஞாயிறு வெளிவேலை. அவளுக்கு மூன்று வயதாகும்போது ஒரு நாள் மனைவிக்குக் காய்ச்சல். பிள்ளையை அழைத்துவர நான் போனேன். கிண்டர்கார்டன் ஆசிரியைக்கு என்னைத் தெரியவில்லை, அடையாள அட்டை கேட்டார். அவர் கேட்டது சரிதான். சொந்த மகளைக் கூட்டிப்போக அட்டையை நீட்டிக்கொண்டு நின்றேனே, அது இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது.

அந்த மாதமே வெளிவேலையை விட்டேன். இளையவன் பிறந்தபோது இரண்டு மாதம் முழுதாக எடுத்தேன். மாலை ஆறு மணிக்கு மேல் வேலை அழைப்பு வந்தால் 'நாளைக் காலை பேசலாம்' என்பேன். முதல் முறை அதைச் சொல்ல நாக்கே எழவில்லை. மேலாளர் 'சரி' என்றார், அவ்வளவுதான்.

ஊரில் கடன் இருந்தால் வேறு கதை. அது எந்த மாதம் அடையும் என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு தேதி குறியுங்கள். தேதி இல்லாத கடனுக்காக உழைக்க ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டீர்கள்.

இப்போது எங்கள் ஞாயிறு எப்படி என்றால், சனி இரவு ஓவன் அடுப்பில் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைத்துவிடுவேன், குளிரிலும் புளித்துவிடும். காலையில் இட்லி. பத்து மணிக்கு அம்மாவுக்கு ஃபோன். குளிர்காலத்தில் அங்கே அப்போது மதியம் இரண்டரை, சாப்பிட்டுவிட்டு அம்மா சற்றுச் சாயும் நேரம். பேரப்பிள்ளைகளோடு அவசரமில்லாமல் பேசுவார். அப்புறம் பேரன்ஸே ஏரிப் பக்கம் நடை.

குடும்பம் வந்து சேர்ந்ததும் முதல் ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு எல்லோருமாக நடக்கப் போகலாம்.